ஸ்கிட் ரோடு: உழைப்பின் பெயர் இழிவின் பெயரானது

வீடற்றோரும் குடியில் வீழ்ந்தோரும் ஒண்டியிருக்கும் தெருவை அமெரிக்கர்கள் ‘ஸ்கிட் ரோ’ என்பார்கள். லாஸ் ஏஞ்சலஸில் ஒரு வட்டாரத்துக்கே அதுதான் பெயர். அதன் மூலவடிவம் ‘ஸ்கிட் ரோடு’. பசிபிக் வடமேற்குக் கரையில் மரம் வெட்டியவர்களின் தொழிற்சொல் அது.

பளுவை நகர்த்த அடியில் போடும் கட்டைதான் ஸ்கிட். காட்டில் வழி திறந்து, தண்டவாளத்துக்கு அடியில் கிடக்கும் கட்டைகளைப் போலக் குறுக்குக் கட்டைகளைப் பாதி புதைப்பார்கள். இழுபடும் மரம் விலகாதிருக்க ஒவ்வொன்றின் நடுவிலும் பள்ளம் செதுக்குவார்கள். பல ஜோடி எருதுகள் இழுக்கும். ஒரு பையன் வாளியோடு நடந்து கட்டைகளுக்கு மீன் எண்ணெய் பூசுவான். பூச்சு குறைந்தால் மரம் நகராது. இறக்கத்தில் மிகுந்தால் எருதுகள் மேலேயே பாயும்.

எருது இழுக்கும் தூரம் சொற்பம். ஆகவே தொடக்கத்தில் கடலோர மரங்களையே வெட்டினார்கள். தண்ணீரில் தள்ளிய மரங்கள் மிதந்தே ஆலை சேர்ந்தன. சியாட்டிலில் 1853-இல் ஓடத் தொடங்கிய ஹென்றி யெஸ்லரின் நீராவி மர ஆலைக்குக் குன்றிலிருந்து மரம் இறங்கிய வழி இன்று யெஸ்லர் வே. அந்த ஆலையில் டுவாமிஷ் பழங்குடியினரும் உழைத்தார்கள். 1865-இல் அதே ஊர் பழங்குடியினர் குடியிருக்கத் தடை விதித்தது. வேலை கொடுப்பவர் இடம் தந்தால் மட்டும் தங்கலாம். மரம் இழுக்கும் இத்தகைய சாலைகள் வான்கூவரிலும் இருந்தன. சொல் அந்தக் கரை முழுவதற்கும் உரியது.

1881-இல் கலிபோர்னியாவின் யுரேகாவில் ஜான் டால்பீர் உருவாக்கிய நீராவி இழுவைப் பொறி மெல்ல மெல்ல எருதுகளை ஓரங்கட்டியது. மரச்சாலைகள் மக்கின. பெயர் மட்டும் நகரத்தில் தங்கியது. முகாம்களிலிருந்து கூலியோடு வந்தவர்களுக்கான மலிவு விடுதிகளும் மதுக்கடைகளும் ஆள்பிடிக்கும் தரகுக்கடைகளும் நிறைந்த பகுதி ‘ஸ்கிட் ரோடு’ ஆயிற்று. 1930-களில் ‘ரோடு’ ‘ரோ’வாகத் திரிந்து, எந்த ஊரின் நலிந்த தெருவுக்கும் பொதுப்பெயரானது.

இந்தப் பொருள்மாற்றத்துக்குப் பின்னால் மனிதர்களின் கதை இருக்கிறது. முகாம் வேலை பருவத்தோடு முடியும். பெரும்பாலோர் குடும்பமற்ற ஆண்கள். வாஷிங்டன் மாநிலத்தில் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்ததே 1911-இல்தான். அதற்குமுன் காலொடிந்தவனுக்குப் போக்கிடம் அந்தத் தெருவே. மரத்தை வாங்கி வளர்ந்த நகரம் அதை வெட்டியவனைத் தெருவில் விட்டது. பிறகு அவன் தொழிலின் பெயராலேயே அவனை இகழ்ந்தது. ‘ஸ்கிட் ரோ’ என்பதை வசையாக வழங்கும் ஒவ்வொரு அகராதியும், எண்ணெய் பூசிய அந்தச் சாலையையே முதற்பொருளாகத் தரவேண்டும். உழைத்தவர்களுக்கு அந்த நீதியாவது கிடைக்கட்டும்.