சங்கு குளிப்போரின் கிறுகிறுப்பு

கடலில் மூழ்குவோருக்கு உட்செவியின் சமநிலை உறுப்பு பொய்ச்செய்தி அனுப்புவதால் வரும் தலைச்சுற்றல் இது. கீழக்கரை உள்ளிட்ட இராமநாதபுரக் கரையூர்களில் சங்கு குளித்தல் பழந்தொழில் என்பதால், அங்கே இது ஏட்டளவு நோயன்று.

ஒவ்வொரு உட்செவியிலும் மூன்று அரைவட்டக் குழல்களும் இரண்டு சிறு பைகளும் உள்ளன. தலை திரும்புவதைக் குழல்கள் அறியும். சாய்வையும் நேர்கோட்டு அசைவையும் பைகள் அறியும். இரண்டிலும் உணர்வது மயிர்ச்செல்களே. இச்செல்லின் உச்சியில் நுண்ணிழைகள் படிப்படியாக உயர்ந்து நிற்கும். உயரமான இழையின் பக்கம் அவை வளைந்தால் பொட்டாசியம் அயனிகள் உள்ளே புகுந்து நரம்புத் துடிப்பு கூடும். எதிர்ப்பக்கம் வளைந்தால் குறையும். இரு காதுகளின் துடிப்பையும் மூளை ஒப்பிடுகிறது. அவை ஒத்துப்போகாவிட்டால் தலை சுழல்வதாக முடிவுகட்டிவிடும்.

10 மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரட்டிப்பாகும். மூக்கைப் பொத்தி ஊதி நடுச்செவியில் காற்றை நிரப்பாவிட்டால் செவிப்பறை கிழியலாம். கிழிசல் வழியே புகும் நீர் அருகிலுள்ள குழலைக் குளிர்விக்க, உள்ளிருக்கும் திரவம் ஓடத் தொடங்குகிறது. அசையாத தலை சுழல்வதாகத் தோன்றும். வியன்னாவின் ராபர்ட் பாரனி இந்த வெப்ப விளைவை ஆராய்ந்து 1914-க்கான நோபல் பரிசு பெற்றார். (திரவ ஓட்டம் மட்டுமே காரணமன்று என்பது 1983-இல் ஸ்பேஸ்லாப் விண்வெளி ஆய்வகச் சோதனையில் தெரிந்தது.) காது மருத்துவர் இந்த வெப்ப விளைவைச் சோதிக்கக் குளிர்நீராக 30, சுடுநீராக 44 பாகை செல்சியஸ் நீரைப் பயன்படுத்துகிறார். மன்னார் வளைகுடாவின் மேற்பரப்பு நீர் பல மாதங்கள் 30 பாகையை ஒட்டியே இருக்கும். கைக்கு வெதுவெதுப்பான நீர் உட்செவிக்குக் குளிர்நீர்தான். ஒரு காதைக் குறும்பி அடைத்து, மறுகாதில் மட்டும் நீர் புகுந்தாலும் கிறுகிறுப்பு வரலாம்.

மேலேறும்போது இரு நடுச்செவிகளின் அழுத்தம் சமமாகக் குறையாவிட்டாலும் தலை சுற்றும். ஆய்வாளர் லண்ட்கிரென் இதை 1965-இல் விவரித்தார்.

நிலத்தில் கண்ணும் பாதமும் இப்பிழையைத் திருத்திவிடும். கலங்கிய நீரில் கண்ணுக்கு அடையாளமில்லை, காலுக்குத் தரையுமில்லை, ஆபத்து அங்கேதான். பழைய முத்துக்குளிப்பில் கல் கட்டிய கயிறு ஆளை விரைவாக இறக்கியதோடு, மேல் எது கீழ் எது என்பதையும் கைக்குச் சொல்லியிருக்கும்.

புகுந்த நீர் உடல்வெப்பத்தை எட்டியதும் சுற்றல் அடங்கும். அடங்காமல் இரைச்சலும் கேள்திறன் குறைவும் சேர்ந்தால், உட்செவியின் வட்டச் சாளரச் சவ்வு கிழிந்திருக்கக்கூடும். உடனே மருத்துவரிடம் போக வேண்டும். ஏனெனில், கேட்டலுக்கான மயிர்ச்செல்கள் இறந்தால் மனிதரில் மீண்டும் முளைப்பதில்லை. சமநிலைச் செல்கள் மிகச் சிறிதளவே முளைக்கும். மீன்களில் இரண்டுமே புதிதாக வளர்கின்றன.