சமையலறைச் சுவரின் வரலாறு

இலங்கைத் தமிழர் பேச்சு வழக்கில் சமையலறைக்குக் குசினி என்று பெயர். மேசை, கதிரை, அலுமாரி, யன்னல் என்பனவற்றைப் போல இதுவும் போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொல்லாகும். அதற்கு முன்னரும் பின்னரும் அடுக்களை என்ற தமிழ்ச் சொல் வழங்கி வந்துள்ளது. பெயர் எதுவாயினும் அதற்குரிய இடம் வீட்டின் பின்புறமே. முற்றத்துக்கு அப்பால் தனிக் கொட்டிலாக அதனை அமைத்துக்கொண்டவரும் பலர். ஓலைக் கூரையில் தீப்பொறி பறந்தால் வீடு முழுவதும் எரிந்துவிடும் என்ற அச்சமும், விறகுப் புகையின் தொல்லையும் இவ்வமைப்புக்குத் தக்க காரணங்களாயிருந்தன.

இன்று புதிதாக வீடு கட்டுவோரும் பழைய வீட்டைத் திருத்துவோரும் சமையலறைக்கும் சாப்பாட்டறைக்கும் இடையிலுள்ள சுவரை அகற்றிவிட விரும்புகின்றனர். இதனை அண்மைக்கால நாகரிகம் என்று கருதுவோர் உளர். உண்மையில் இச்சுவரைப் பற்றிய விவாதம் நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உடையது. கல்லும் சாந்தும் பற்றிய வரலாறாக மட்டும் அதனைக் கொள்ளுதல் பொருந்தாது. வீட்டில் உழைப்பவர் யார், அவர் எங்கே நிற்க வேண்டும், அவரை மற்றையோர் காண வேண்டுமா என்ற வினாக்கள் அதனுள் அடங்கியுள்ளன.

மேனாடுகளில் சமையலறையைத் தள்ளி வைத்ததற்குத் தீயும் புகையும் மட்டும் காரணங்களல்ல. அமெரிக்காவின் தென்பகுதிப் பெருந்தோட்ட மாளிகைகளில் சமையற்கட்டு தனிக் கட்டடமாக நின்றது. முதற் குடியரசுத் தலைவரான ஜோர்ஜ் வாஷிங்டனின் மவுண்ட் வேர்ணன் இல்லத்திலும் அவ்வாறே. அங்கே சமைத்தவர்கள் அடிமைகள். பத்தொன்பதாம் நூற்றாண்டு இலண்டனில் செல்வர் வீடுகளின் சமையலறை நிலத்துக்குக் கீழுள்ள தளத்தில் இருந்தது. பணிப்பெண்கள் அங்கிருந்து படியேறி உணவைக் கொண்டுவந்தனர். 1864ஆம் ஆண்டில் கனவான்களின் வீடமைப்பைப் பற்றி நூலெழுதிய ரொபேட் கெர் என்ற கட்டடக் கலைஞர், சமையல் மணம் குடும்பத்தார் இருக்கும் பகுதிக்கு வராமலும், பணியாளரும் குடும்பத்தாரும் ஒருவரையொருவர் காணாமலும் வீட்டை வகுக்க வேண்டும் என்பதை வற்புறுத்தினார். ஆகவே அச்சுவர் புகையைத் தடுத்ததோடு மனிதரையும் தடுத்தது என்பது தெளிவு.

பணியாள் இல்லாத வீட்டைப் பற்றி முதலில் ஆழ்ந்து சிந்தித்தவருள் கதறீன் பீச்சர் என்ற அமெரிக்கப் பெண்மணி குறிப்பிடத்தக்கவர். அடிமை வாழ்வின் கொடுமையைக் கதையாக எழுதி உலகப் புகழ் பெற்ற ஹரியற் பீச்சர் ஸ்ரோ இவருடைய தங்கையாவார். சகோதரியர் இருவரும் சேர்ந்து 1869ஆம் ஆண்டில் அமெரிக்கப் பெண்ணின் இல்லம் பற்றி ஒரு நூலை வெளியிட்டனர். நீராவிக் கப்பலின் சமையற்கட்டிலே இருநூறு பேருக்கு உணவு சமைக்கும் ஒருவன், ஓரிரண்டு அடி எடுத்து வைத்தாலே வேண்டிய பொருளெல்லாம் கைக்கெட்டும்படி அமைத்திருக்கிறானே, வீட்டிற் சமைப்பவள் மட்டும் ஏன் நாள் முழுதும் நடந்து களைக்க வேண்டும் என்பது அவர்கள் கருத்து. அவர்கள் வகுத்த சமையலறையில் மாவுக்குரிய பெட்டி வேலைப் பலகையின் கீழ் இருந்தது. கழுவுதொட்டி யன்னலை அடுத்திருந்தது. அடுப்பு மட்டும் கண்ணாடியிட்ட தள்ளுகதவுகளுக்கு அப்பால் இருந்தது. வெப்பமும் மணமும் தடுக்கப்பட்டன, கண்பார்வை தடுக்கப்படவில்லை.

அதன் பின்னர் தொழிற்சாலைகளில் கடிகாரத்தைக் கையில் வைத்து உழைப்பை அளக்கும் முறை பரவியது. அம்முறையைக் கிறிஸ்ரீன் பிரெடெரிக் வீட்டுக்குக் கொண்டுவந்தார். பாத்திரம் கழுவுதற்கு எத்தனை அடி நடக்க வேண்டியிருக்கிறது, எத்தனை முறை குனிய வேண்டியிருக்கிறது என்று கணக்கிட்டு 1913ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். பொறியியல் அறிஞரான லிலியன் கில்பிரெத் 1920களின் இறுதியில் இவ்வாராய்ச்சியை மேலும் வளர்த்தார். அடுப்பு, தொட்டி, உணவுப் பொருள் வைக்குமிடம் ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று அண்மையில் இருத்தல் வேண்டும் என்ற விதி இத்தகைய ஆராய்ச்சிகளிலிருந்தே உருவாயிற்று.

இக்கருத்துகள் ஆயிரக்கணக்கான ஏழைத் தொழிலாளர் வீடுகளில் முதன்முதலாக வடிவம் பெற்றது ஜேர்மனியிலாகும். முதலாம் உலக யுத்தத்தின் பின் அந்நாட்டு நகரங்களில் வீட்டுப் பஞ்சம் கொடிதாயிருந்தது. ஒரே அறையிற் சமைத்து, உண்டு, குளித்து, இரவில் அங்கேயே பாய் விரித்தாற்போலப் படுத்துறங்கும் குடும்பங்கள் பல. 1925ஆம் ஆண்டில் பிராங்போட் நகரத்தின் கட்டடப் பணிகளுக்குத் தலைமை ஏற்ற ஏர்ன்ஸ்ற் மே பெருந்தொகையான வீடுகளைக் கட்டத் தொடங்கினார். அவரது அழைப்பை ஏற்று 1926ஆம் ஆண்டில் வியன்னாவிலிருந்து வந்தவர் மார்கரெற்றே லிஹோற்ஸ்கி. திருமணத்தின் பின் ஷூற்றே-லிஹோற்ஸ்கி எனப் பெயர் பெற்ற இவர், ஒஸ்திரியாவில் கட்டடக் கலை பயின்ற முதற் பெண்களுள் ஒருவர்.

அவர் வகுத்ததே பிராங்போட் சமையலறை. அதன் அகலம் ஏறத்தாழ 1.9 மீற்றர், நீளம் 3.4 மீற்றர். புகையிரதத்து உணவு வண்டியின் சிறு சமையற்கட்டே அதற்கு முன்மாதிரி. யன்னலருகே வேலைப் பலகை. அதன்முன் சுழலும் முக்காலி. காய்கறிக் கழிவைத் தள்ளுவதற்குப் பலகையிலேயே ஓர் இழுப்பறை. மடித்துச் சுவரில் சாத்தத்தக்க இஸ்திரிப் பலகை. கூரையில் முன்னும் பின்னும் நகர்த்தத்தக்க மின்விளக்கு. அரிசி, சீனி முதலியவற்றுக்குப் பெயர் பொறித்த அலுமினியப் பெட்டிகள், கைப்பிடியும் வாயும் உடையனவாக வரிசையாய் அடுக்கப்பட்டிருந்தன. மாவிற் புழு வராதிருக்க அதற்கு மட்டும் ஓக் மரப் பெட்டி. நீலப் பச்சை நிறத்தில் ஈக்கள் மொய்ப்பதில்லை என்று அக்காலத்தில் நம்பியமையால் அலுமாரிகளுக்கு அந்நிறம் பூசப்பட்டது. ஏறத்தாழ 10,000 வீடுகளில் இச்சமையலறை அமைக்கப்பட்டது. அவற்றுள் றோமர்ஸ்ராற் என்ற குடியிருப்பு முழுவதும் மின்சாரத்தால் இயங்கியது. அதனை வகுத்த பெண்மணியோ அதற்கு முன் சமையல் செய்தறியாதவர். அவரே பிற்காலத்தில் இதனைக் கூறியுள்ளார்.

இங்கே ஒரு செய்தியைக் கருத்திற் கொள்ளுதல் வேண்டும். பிராங்போட் சமையலறை வதியும் அறையிலிருந்து சுவராற் பிரிக்கப்பட்டிருந்தது. ஒரே அறையில் எல்லாம் நிகழ்ந்த நெருக்கடியிலிருந்து குடும்பத்தை விடுவிப்பதற்காகவே அச்சுவர் எழுப்பப்பட்டது. ஆவியும் ஈரமும் உறங்குமிடத்துக்கு வராமற் காப்பது அதன் நோக்கம். தாய் சமைத்துக்கொண்டே பிள்ளைகளைக் கவனிக்கும்பொருட்டு அச்சுவரில் ஒரு தள்ளுகதவும் வைக்கப்பட்டது. ஆயினும் நடைமுறையில் அவ்வறை ஒருவர் நிற்பதற்கே போதுமானதாயிருந்தது. மகளோ கணவனோ கைகொடுக்க வந்தால் இடமில்லை. வாடகைக்கு வந்தோர் சிலர் தங்கள் பழைய மேசையை உள்ளே நுழைக்க முயன்று தோற்றனர். வேலையைச் சுருக்கிய அதே அறை, வேலை செய்தவளைத் தனிமைப்படுத்தியது. 1970களிற் பெண்ணுரிமை இயக்கத்தார் இச்சமையலறையைக் கடுமையாகக் கண்டித்தமைக்கு இதுவே காரணம்.

அதே காலப்பகுதியில் அமெரிக்காவில் வேறொரு வழி தோன்றியது. மினியாப்பொலிஸ் நகரத்து நான்சி வில்லி என்ற பெண்மணி, அளவான செலவில் ஒரு வீடு வேண்டும் எனப் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் பிராங் லொயிட் றைற்றுக்குக் கடிதம் எழுதினார். 1934ஆம் ஆண்டில் கட்டி முடிந்த அவ்வீட்டில், சமையலிடத்துக்கும் வதியும் இடத்துக்கும் நடுவே கண்ணாடியும் தட்டுகளும் கொண்ட மறைப்பே இருந்தது. அடுத்து, விஸ்கொன்சின் மாநிலத்து மடிசன் நகரில் பத்திரிகையாளர் ஹேபேட் ஜேக்கப்ஸ் குடும்பத்துக்கு அவர் அமைத்த வீடு 1937ஆம் ஆண்டில் நிறைவுற்றது. அதற்கான செலவு கட்டடக் கலைஞரின் ஊதியம் உட்பட 5,500 டொலர். சமையலறை என்ற பெயரையே நீக்கி, வேலையிடம் என்று அவர் அதனைக் குறித்தார். கணப்படுப்பின் பின்புறம் அமைந்த அவ்விடத்தின் கூரையை உயர்த்தி, உயரத்தே யன்னல் வைத்து, சூடும் மணமும் மேலெழுந்து வெளியேறச் செய்தார். இவ்வீடுகளில் வேலைக்காரர் இல்லை. வீட்டுத் தலைவியே சமைத்தாள். விருந்தினரோடு பேசியவளும் அவளே. அவளை மறைத்து வைப்பதற்கு இனிக் காரணம் எதுவும் இருக்கவில்லை.

இரண்டாம் உலக யுத்தத்தின் பின் இப்போக்கு விரைந்து பரவிற்று. நியூயோர்க் அருகே லெவிற்றவுண் என்னுமிடத்தில் 1947 முதல் 1951 வரை 17,000க்கு மேற்பட்ட வீடுகள் எழுந்தன. 1949ஆம் ஆண்டு மாதிரி வீட்டிற் சமையலறை வீட்டின் முன்புறத்துக்கே வந்துவிட்டது. பிரான்சில் மார்செய் நகரில் லெ கோர்பூசியே கட்டி 1952ஆம் ஆண்டில் நிறைவுற்ற 337 இல்லங்கள் கொண்ட மாடிக் குடியிருப்பில், சமையலிடத்தைத் திட்டமிட்டவர் ஷார்லொற் பெரியாண் என்ற பெண் கலைஞர். சுவருக்குப் பதிலாக இருபுறமும் திறக்கத்தக்க தாழ்ந்த அலுமாரி ஒன்றை அவர் வைத்தார். சமைப்பவள் குடும்பத்தாருடனும் நண்பருடனும் உரையாடலாம் என்பது அவர் கருத்து.

இவ்வரலாற்றைக் கேட்பவர், சுவர் உள்ள சமையலறை அடிமைத்தனம், சுவரற்றது விடுதலை என்று முடிவு செய்துவிடலாம். சோவியத்து நாட்டின் அனுபவம் அம்முடிவை மறுக்கின்றது. அங்கே பல குடும்பங்கள் ஒரே வீட்டிற் கூடி வாழ்ந்து, ஒரே சமையலறையைப் பங்கிட்டுக்கொண்டன. யார் என்ன சமைக்கிறார், என்ன பேசுகிறார் என்பதை எல்லாரும் அறிவர். குருஷேவ் ஆட்சியில் 1950களின் பிற்பகுதியிலிருந்து குடும்பத்துக்கொரு வீடாக மாடி வீடுகள் கட்டப்பட்டபோது, ஆறு சதுர மீற்றர் அளவேயான சமையலறை ஒவ்வொரு குடும்பத்துக்கும் கிடைத்தது. கதவைச் சாத்தத்தக்க அச்சிறு அறையிலேதான் நண்பர்கள் தேநீர் அருந்திக்கொண்டு, வெளியே பேச முடியாதவற்றைப் பேசினர். 1959ஆம் ஆண்டு யூலை 24ஆந் திகதி மொஸ்கோவில் நடைபெற்ற அமெரிக்கக் கண்காட்சியில், மாதிரிச் சமையலறை ஒன்றின் முன் நின்று குருஷேவும் அமெரிக்கத் துணைக் குடியரசுத் தலைவர் நிக்சனும் வாதிட்டதை உலகம் அறியும். அடைத்த கதவின் பின்னே எளிய மக்கள் நடத்திய உரையாடல்களை உலகம் பிற்பாடே அறிந்தது. எனவே சுவரின் நன்மை தீமை, அதனை அடைக்கவும் திறக்கவும் உரிமை யாரிடத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

பிராங்போட் சமையலறைகளுக்கு நேர்ந்த முடிவும் சிந்தனைக்குரியது. பிற்காலத்தில் வீடுகளைத் திருத்தியோர் அவற்றிற் பெரும்பாலானவற்றைப் பெயர்த்தெறிந்தனர். எஞ்சியவை இப்போது அரும்பொருள்கள். ஒன்று நியூயோர்க் நவீன கலைக் காட்சிச்சாலையில் உள்ளது. றோமர்ஸ்ராற் குடியிருப்பில் ஒரு வீடு பழைய நிலையிலேயே பேணப்பட்டு மக்கள் பார்வைக்கு விடப்பட்டுள்ளது. அதனை வகுத்த ஷூற்றே-லிஹோற்ஸ்கி 1941ஆம் ஆண்டில் நாசிகளை எதிர்த்தமைக்காகக் கைதாகி, 1945 வரை சிறையிருந்தார். தமது 103ஆவது பிறந்த தினத்துக்கு ஐந்து நாள் முன்னதாக, 2000ஆம் ஆண்டு ஜனவரியில் காலமானார். பள்ளிகளும் குழந்தைகள் இல்லங்களும் வகுத்த தம்மை, உலகம் ஒரு சமையலறையோடு மட்டும் சேர்த்துப் பேசியதையிட்டு முதுமையில் அவர் சலித்துக்கொண்டார்.

இன்று வீட்டைத் திருத்த முனைவோர் இவ்வரலாற்றிலிருந்து அறியத்தக்கவை சில உள. இலங்கையில் விறகடுப்பு எரியும் வீடுகள் இன்னும் பல. புகை வெளியேற வழி வகுக்காமற் சுவரை மட்டும் அகற்றினால், ஓர் அறையின் புகை வீடு முழுவதற்கும் உரியதாகும். பீச்சரின் கண்ணாடிக் கதவும் றைற்றின் உயர்ந்த கூரையும் இதனை நினைந்து செய்யப்பட்டவையே. அடுத்து, அச்சுவர் கூரையின் பாரத்தைத் தாங்குகிறதா என்பதைக் கட்டடந் தெரிந்தவரிடம் கேட்டறிதல் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நாள்தோறும் அங்கே நிற்பவரிடம் முதலிற் கேட்க வேண்டும். நான்சி வில்லி தாமே கடிதம் எழுதித் தமக்கு வேண்டிய வீட்டைக் கேட்டார். பிராங்போட்டிலே குடியிருந்த பெண்களிடம் யாரும் முன்கூட்டிக் கேட்டிருந்தால், கைகொடுக்க வருபவருக்கும் நிற்பதற்கு இடம் வைத்திருப்பார்கள்.

சுவரை இடிப்பது கொத்தனுக்கு ஒரு நாள் வேலை. சுவர் போன பின், கூடத்தில் இருப்பவர் எழுந்து வந்து ஒரு பாத்திரத்தைக் கழுவி வைப்பாராயின், செய்த செலவுக்குப் பயன் உண்டு. அவர் இருந்த இடத்திலிருந்தே அவள் உழைப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பாராயின், அவளுக்குப் பழைய சுவரே மேலானதாயிருக்கும்.