சத்திரத்துச் சோறும் திருவையாற்றுக் கல்லூரியும்

தஞ்சை மராத்திய அரசர்கள் இராமேசுவர யாத்திரைப் பாதையில் சத்திரங்கள் கட்டி, அவற்றின் செலவுக்கு நிலங்களை மானியமாக எழுதிவைத்தார்கள். இரண்டாம் சரபோஜி 1802இல் ஒரத்தநாட்டில் நிறுவிய முத்தாம்பாள் சத்திரம் அவற்றுள் பேர்பெற்றது. சத்திரங்களின் நடைமுறையை விளக்கி 1801இல் அவர் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். பிராமணர் முதல் பறையர் வரை வழிப்போக்கர் எவருக்கும் சோறு உண்டு என்கிறது அது. வடித்த சோறு வேண்டாதவருக்கு அரிசியாகவே அளப்பார்கள். நள்ளிரவில் மணியடித்து, இன்னும் சாப்பிடாதவர் இருந்தால் வரலாம் என்று கூவி அழைப்பார்கள். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல ஆசிரியர்களும் உண்டு.

1855இல் அரச வம்சத்தின் உரிமை முடிந்தது. சத்திரங்கள் காலப்போக்கில் மாவட்டக் கழகத்தின் பொறுப்புக்கு வந்தன. அவற்றின் மானிய நில வருவாயில் நடந்த திருவையாற்றுக் கல்லூரியில் வடமொழி மட்டுமே பாடம்; அதனால் படித்தவர்களும் பிராமணப் பிள்ளைகளே. ஊரில் பெரும்பான்மையாக இருந்தவர்களின் பிள்ளைகள் கல்லூரிக்குள் சிறுபான்மைகூட ஆகவில்லை.

இதை மாற்றியவர் மதத்தால் சிறுபான்மையினர்: கத்தோலிக்கரான பாரிஸ்டர் ஏ. டி. பன்னீர்செல்வம். நீதிக்கட்சிக்காரரான அவர் 1920களில் மாவட்டக் கழகத் தலைவரானார். 1911இல் தோன்றிய கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் தலைவர் உமாமகேசுவரனார் அவருக்குத் துணைநின்றார். மானியம் கல்விக்கு உரியதே தவிர, ஒரு மொழிக்கு மட்டும் எழுதப்பட்டதல்ல என்பது அவர்கள் வாதம். கல்லூரியில் தமிழ்ப் புலவர் வகுப்பு தொடங்கியது. அரசர் கல்லூரி என்ற பெயரும் வந்தது. ஒரத்தநாடு, இராஜாமடம் சத்திரங்களைச் சார்ந்த மாணவர் விடுதிகளிலும் பிராமணரல்லாத மாணவர்கள் சேர்ந்தார்கள். இந்த விடுதிகளைச் சிறிய காரியமாக எண்ணிவிடக் கூடாது. ஆற்றுப்பாசனக் கிராமத்துப் பிள்ளைக்குக் கல்லூரிச் சம்பளத்தைவிடப் பெரிய தடை, வெளியூரில் தங்கிச் சாப்பிட வழியில்லாததே. 1925 வாக்கில் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமண மாணவர்களுக்குத் தனிப்பந்தி வைத்தது பற்றி எழுந்த கொந்தளிப்பையும் சேர்த்துப் பார்த்தால், மாணவர் உண்ணும் இடம் அன்று எத்தனை பெரிய அரசியல் என்பது விளங்கும்.

பன்னீர்செல்வம் வட்டமேசை மாநாட்டில் இந்தியக் கிறிஸ்தவர்களின் பிரதிநிதியாக அமர்ந்தார். பின்னர் சென்னை மாகாண அரசிலும் பொறுப்பு வகித்தார். 1940 மார்ச் 1இல், லண்டன் செல்லும் வழியில் ஓமன் வளைகுடாப் பகுதியில் விமானத்தோடு மறைந்தார். அதற்குள் திருவையாற்று வகுப்புகள் பலனளிக்கத் தொடங்கியிருந்தன. வாய்மேடு என்ற சிற்றூரில் பிறந்து ஒரத்தநாட்டில் பள்ளிப் படிப்பை முடித்த சி. இலக்குவனார், அரசர் கல்லூரியில் பயின்று 1936இல் வித்துவான் பட்டம் பெற்றார். பின்னாளில் அவர் தொல்காப்பியத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்.