பத்தில் ஒரு பங்கு

சட்டசபை நடவடிக்கைகளைப் பத்திரிகைகளில் வாசித்துவரும் நேயர்களுக்குக் ‘கோரம்’ என்னும் சொல் புதிதன்று. ஒரு சபை கூடி அலுவல் நடத்துவதற்கு இன்றியமையாத குறைந்த அளவு அங்கத்தினர் தொகையை அது குறிக்கும். தமிழில் ‘குறைவெண் வரம்பு’ என்று பெயர் வகுத்திருக்கின்றனர். எனினும் பேச்சு வழக்கில் கோரமே நிலைத்துவிட்டது. சொல் லத்தீன் மொழிக்குரியது. ‘எவருள்’ என்பது அதன் நேர்ப்பொருள். இங்கிலாந்தில் சமாதான நீதிபதிகளை நியமித்த பழைய ஆணைகளில், இன்னாருள் ஒருவராவது உடனிருத்தல் வேண்டும் என்று எழுதப்பட்ட வாசகத்திலிருந்து பிறந்தது. குறிப்பிட்ட ஆட்களைச் சுட்டிய சொல் நாளடைவில் எண்ணிக்கையைச் சுட்டலாயிற்று.

நம் நாட்டு மாகாண சட்டசபைகளுக்கு 1935-ஆம் ஆண்டின் இந்திய அரசாங்கச் சட்டம் விதித்த கோரம் ஆறில் ஒரு பங்கு. மேல்சபைகளுக்கு மட்டும் பத்துப் பேர் என்று அச்சட்டம் நிலையான எண்ணாக வைத்தது. 1937-இல் சென்னை மாகாண சட்டசபையில் 215 இடங்கள். ஆகவே 36 பேர் வேண்டியிருந்தது. பம்பாயில் 175 இடங்களுக்கு 30 பேர். வங்காளத்தில் 250 இடங்களுக்கு 42 பேர். ஒரிஸ்ஸாவிலோ 60 இடங்களே, பத்துப் பேர் வந்தால் போதும்.

1950 ஜனவரி 26-இல் அமலுக்கு வந்த நம் அரசியல் சட்டம் இதைத் தளர்த்திற்று. அதன் 189-ஆவது ஷரத்தின்படி, பத்துப் பேர் அல்லது மொத்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கு, இவ்விரண்டில் எது அதிகமோ அதுவே கோரம். அது குறையுமாயின் சபையை ஒத்திவைப்பதோ, ஆட்கள் சேரும் வரை கூட்டத்தை நிறுத்திவைப்பதோ சபாநாயகரின் கடமை. இதன் பலனைச் சென்னையிலேயே காணலாம். 1952-இல் அங்கே சட்டசபை 375 இடங்களாகப் பெருகியது. பழைய விதி நீடித்திருந்தால் 63 பேர் வந்தாக வேண்டும். புதிய விதிப்படி 38 பேரே போதுமானதாயிற்று. அதாவது, சபை 160 இடங்கள் வளர்ந்தும் கோரம் இரண்டே பேர் வளர்ந்தது!

பிற மாநிலங்களில் குடியேறி, அங்கேயே வாக்களித்து வாழும் நாம் நம்மை ஆளும் சபைகளையும் இக்கணக்கில் வைத்துப் பார்ப்பது தகும். கர்நாடகத்தில் 224 இடங்கள், கோரம் 23. மகாராஷ்டிரத்தில் 288 இடங்கள், கோரம் 29. சாதாரண மசோதா வந்திருந்து வாக்களிப்போரின் பெரும்பான்மையால் நிறைவேறுவது. ஆகவே, கோரம் மட்டுமே நிரம்பிய ஒரு பிற்பகலில் பெங்களூரில் 12 பேரும், மும்பையில் 15 பேரும் கைதூக்கினால் கோடிக்கணக்கானோரைக் கட்டுப்படுத்தும் சட்டம் பிறந்துவிடலாம். நம் பிள்ளைகளின் பள்ளியைப் பற்றியதாகவும், நாம் குடியிருக்கும் வீட்டின் வாடகையைப் பற்றியதாகவும் அச்சட்டம் இருக்கக்கூடும். மேல்சபைகளின் நிலை இன்னும் வேடிக்கையானது. அவற்றுள் பெரியதான உத்தரப் பிரதேச மேல்சபைக்கே 100 இடங்கள்தாம். எனவே மேல்சபையுள்ள எந்த மாநிலத்திலும் கோரம் பத்தைத் தாண்டுவதில்லை. 1935-இன் பழைய எண் அங்கே வேறு உருவில் வாழ்கிறது.

இவ்வளவு சிறிய எண் தகுமோ என்று ஐயுறுவோர் மறுபக்கத்தையும் நோக்க வேண்டும். அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் கோரம் மூன்றில் இரண்டு பங்கு. 2021-இல் அங்கே தேர்தல் மசோதா ஒன்றை எதிர்த்த அங்கத்தினர்கள் வாஷிங்டனுக்குச் சென்றுவிட்டனர். சபை வாரக்கணக்கில் முடங்கிற்று. நம் ஏற்பாட்டில் அத்தகைய வெளியேற்றத்துக்குப் பயனில்லை. ஆளுங்கட்சி தானே கோரத்தை நிரப்பிக்கொள்ளும். அதுவே அதன் வசதி. அதுவே அதன் அபாயமும்.

இந்தப் பத்தில் ஒரு பங்கும் ஒருமுறை போய்விட இருந்தது. அவசர நிலையின்போது, எதிர்க்கட்சித் தலைவர் பலர் சிறையிலிருந்த 1976-ஆம் ஆண்டில், பாராளுமன்றம் 42-ஆவது திருத்தத்தை நிறைவேற்றிற்று. பெரிய மாற்றங்கள் மலிந்த அத்திருத்தத்தில் கோரத்தைப் பற்றிய பிரிவுகள் எவர் கண்ணையும் எளிதில் கவரா. அவை பாராளுமன்றத்துக்கும் சட்டசபைகளுக்கும் உரிய கோரத்தை அரசியல் சட்டத்திலிருந்தே நீக்கி, ஒவ்வொரு சபையும் தன் நடைமுறை விதிகளில் தானே வகுத்துக்கொள்ள வழிசெய்தன.

இதில் என்ன கேடு என்று கேட்கலாம். அரசியல் சட்டம் முன்பும் எண்ணை மாற்ற இடம் தந்தே இருந்தது. ஆனால் மாநிலச் சட்டத்தின் வாயிலாகவே மாற்றலாம் என்றது. சட்டமென்றால் மசோதா வர வேண்டும், மேல்சபையுள்ள இடத்தில் அங்கும் செல்ல வேண்டும், கவர்னரின் ஒப்புதல் பெற வேண்டும். ஊரும் அதை அறியும். நடைமுறை விதியோ சபையின் வீட்டுக் காரியம். பெரும்பான்மைக் கட்சி தனக்கு எத்தனை பேர் வந்தால் போதும் என்பதைத் தானே தீர்மானித்துக்கொள்வது, அளப்பவனே படியைச் செதுக்கிக்கொள்வதை ஒக்கும் என்பது நம் கருத்து.

நல்லூழாக, அப்பிரிவுகள் நடைமுறைக்கு வரும் தேதி அறிவிக்கப்படவேயில்லை. 1977 மார்ச்சில் ஆட்சி மாறியது. ஜனதா அரசாங்கம் கொணர்ந்த 44-ஆவது திருத்தம் அவற்றை, உயிர்பெறுமுன்னரே, 1979 ஜூன் 20 முதல் நீக்கிவிட்டது. 189-ஆவது ஷரத்து 1950-இல் இருந்தபடியே பத்தில் ஒரு பங்கைக் கூறி நிற்கிறது. வந்தும் வாராது போன அம்மாற்றத்தின் கதையை, அரசாங்கம் வெளியிடும் அரசியல் சட்டப் பதிப்புகளில் அந்த ஷரத்துக்குக் கீழே, சிறிய எழுத்தில், ஓர் அடிக்குறிப்பாகக் காணலாம்.