தோட்டத் தமிழ்ப்பள்ளிகள்: நிதி நெருக்கடியும் அரசு மேற்பார்வையும் (பேராக்)

மலேசியாவில் தனியே வரி வாங்கிச் செலவழிக்கும் பள்ளி மாவட்டங்கள் கிடையாது. அமெரிக்காவின் ஓக்லாந்து பள்ளி மாவட்டம் 2003-இல் பணமின்றித் தவித்தபோது, கலிபோர்னியா மாநில அரசு 10 கோடி டாலர் கடன் கொடுத்து நிர்வாகத்தையும் தானே எடுத்துக்கொண்டது. மலேசிய மாநிலமான பேராக்கில் அப்படி நடக்க வழியில்லை. மலேசிய அரசியல் சாசனப்படி கல்வி கூட்டரசின் பொறுப்பு. நிலம் மாநில அரசின் பொறுப்பு. தமிழ்ப்பள்ளிகளில் பலவும் நின்றதோ தோட்ட முதலாளியின் நிலத்தில். பள்ளியின் பணக் கஷ்டம் யாருடையது என்ற வழக்கு அங்கேதான் பிறந்தது.

1900-இல் பேராக்கின் பாகான் செராயில் அரசு ஒரு தமிழ்ப்பள்ளியைத் திறந்தது. ஆனால் பெரும்பாலான பள்ளிகள் அரசு கட்டியவை அல்ல. 1912-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டமும், அதைத் திருத்திய 1923-ஆம் ஆண்டுச் சட்டமும் இந்தச் சுமையைத் தோட்ட நிர்வாகத்தின் தலையில் வைத்தன: 7 முதல் 14 வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும். பள்ளி எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பற்றிச் சட்டம் அவ்வளவாகக் கவலைப்படவில்லை. லயத்தின் ஓரத்தில் ஒரு கொட்டகை போதும். கிராணியோ (தோட்ட எழுத்தர்) கங்காணியோ வேலை நேரம் போக மீதி நேரத்தில் வாத்தியாராக இருந்தார். ரப்பர் விலை இறங்கினால் துரை முதலில் கைவைத்த செலவுகளில் பள்ளியும் ஒன்று.

1956-இன் ரசாக் அறிக்கையும் 1957-இன் கல்விச் சட்டமும் தமிழ்ப்பள்ளிகளைத் தேசியக் கல்வி அமைப்புக்குள் கொண்டுவந்தன. ஆசிரியர் சம்பளம் அரசுடையதானது. தோட்டப் பள்ளிகளுக்கு இதைவிடப் பெரிய நிம்மதி அதற்கு முன்னும் பின்னும் வாய்த்ததில்லை என்றே சொல்லலாம். ஆனால் ஒரு பிரிவினையும் நிலைபெற்றது. அரசு நிலத்தில் இருக்கும் பள்ளி முழு உதவி பெறும். தனியார் நிலத்தில் இருப்பது பகுதி உதவி மட்டுமே பெறும். பகுதி உதவிப் பள்ளியின் கட்டடம் அரசின் கடமை அல்ல. கூரை ஒழுகினால் பள்ளி மேலாளர் வாரியம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். கணக்கு கேட்பதில் மட்டும் அரசு பள்ளிகளுக்குள் வேற்றுமை பார்க்கவில்லை. 1962-இல் வந்த கணக்கு, தணிக்கை விதிகளின்படி அரசு மானியம் ஒரு கணக்கிலும், பெற்றோரும் ஊராரும் தரும் நன்கொடை வேறொரு கணக்கிலும் எழுதப்பட வேண்டும். செலவைச் சரிபார்க்க ஆள் இருந்தது. செலவுக்குப் பணம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் ஆள் இல்லை.

விதிகள் வருவதற்கு முன்பே நிலம் கைமாறத் தொடங்கிவிட்டது. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ. தி. சம்பந்தன், தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டித் தோட்டங்களை வாங்க, 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தம் ஊரிலேயே மகாத்மா காந்தி கலாசாலையையும் அவர் நிறுவினார். ஆனால் விற்பனைக்கு வந்த தோட்டங்கள் எல்லாவற்றையும் ஒரு சங்கம் வாங்கிவிட முடியுமா? பின்னாளில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. குடும்பங்கள் ஈப்போவுக்கும் அதற்கு அப்பாலும் பெயர்ந்தன. 1957-இல் நாடு முழுதும் 888 ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 520-க்குச் சற்று மேல். பிள்ளைகள் 150-க்குக் குறைந்தால் அது ‘குறைந்த மாணவர் பள்ளி’. தலைக்கு இவ்வளவு என்று வரும் மானியமும் அப்போது மெலிந்துவிடுகிறது. மூடுவதற்குப் பதிலாகப் பள்ளியின் உரிமத்தை நகர்ப்புறத்துக்கு மாற்றிக்கொள்ளும் வழி இருக்கிறது. அதற்கும் முதலில் நிலம் வேண்டும்.

இதே மாநிலத்தில் அரசு உதவிக்கு வெளியே நின்ற சீனத் தனியார் இடைநிலைப் பள்ளிகள், 1973-இல் சமூகத்திடம் நிதி திரட்டி மீண்டன. அந்த இயக்கம் பேராக்கில் தொடங்கி நாடெங்கும் பரவியது. அவர்களுக்கு வணிகச் சங்கங்கள் இருந்தன. பால்மரம் வெட்டியவர்களுக்கு அந்தப் பின்பலம் இல்லை. 2008 தேர்தலுக்குப் பின் அமைந்த மாநில அரசு அந்தச் சீனப் பள்ளிகள் ஒன்பதுக்கு 1,000 ஹெக்டர் நிலம் ஒதுக்கியது. பிறகு சாம்ரி அப்துல் காதிர் மந்திரி பெசாராக (மாநில முதல்வராக) இருந்த காலத்தில், தமிழ்க் கல்விக்கென 2,000 ஏக்கர் ஓர் அறவாரியத்தின் பெயரில் ஒதுக்கப்பட்டது. கூட்டரசும் 2008-க்குப் பின் வரவு செலவுத் திட்டங்களில் தமிழ்ப்பள்ளிகளுக்குச் சிறப்பு ஒதுக்கீடுகள் செய்தது. சிறப்பு ஒதுக்கீடு ஆட்சிக்கு ஆட்சி மாறும். நிலப் பட்டா மாறாது. பேராக்கின் 134 தமிழ்ப்பள்ளிகளில் தனியார் நிலத்தில் நிற்பவை, அந்த நிலம் அரசுக்குக் கைமாறும்வரை பகுதி உதவிப் பட்டியலிலேயே இருக்கும்.