ஆய்ஸ்டர் ஆற்று ஆலை அணை

ஆய்ஸ்டர் ஆற்று ஆலை அணை அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், டர்ஹாம் என்னும் சிற்றூரின் நடுவே 1913-ல் கட்டப்பட்ட கான்கிரீட் அணை. 'மில் பாண்ட் அணை' என்றும் அழைக்கப்படுவது. இதைப் பேணுவதா, இடித்து அகற்றுவதா என்ற விவாதம் ஊரை இரண்டு அணிகளாகப் பிரித்து, 2022-ல் பொது வாக்கெடுப்பு வரை சென்றது. வடகிழக்கு அமெரிக்காவில் பழைய ஆலைகளுக்காக எழுப்பப்பட்ட சிற்றணைகள் ஏராளம். அவற்றில் பல இன்று இதே கேள்வியை எதிர்கொள்கின்றன.

அணையின் அளவைக் கேட்டால் இத்தனை சச்சரவா என்று தோன்றும். சுமார் 13 அடி உயரமும் 140 அடி நீளமும் கொண்டது, அவ்வளவுதான். ஆனால் அது அமைந்த இடம் முக்கியமானது. ஆய்ஸ்டர் ஆறு கடல் ஓதம் ஏறிவரும் எல்லையைச் சந்திக்கும் அருவித்துறை அது. அணைக்கு மேலே நன்னீர்க் குளம், கீழே உப்புநீர் ஏறியிறங்கும் கழிமுகம். கழிமுகம் கிரேட் பே கழிமுகத் தொகுதியின் பகுதியான லிட்டில் பே என்னும் உள்கடலைச் சென்று சேர்கிறது. ஆற்றுநீரின் வீழ்ச்சி ஆலையைச் சுழற்றும், அறுத்த மரத்தை அங்கேயே படகில் ஏற்றிக் கடலுக்கு அனுப்பலாம். பதினேழாம் நூற்றாண்டு வணிகனுக்கு இதைவிட வசதியான இடம் வாய்ப்பது அரிது.

மரமறுவை ஆலையும் ஸ்காட்லாந்துக் கைதிகளும்

1649-ல் வாலண்டைன் ஹில், தாமஸ் பியர்டு என்னும் இருவருக்கு இந்த அருவியில் மரமறுவை ஆலை அமைக்கும் உரிமை வழங்கப்பட்டது. அப்போது இது டோவர் ஊரின் ஒரு பகுதி. ஹில் பாஸ்டன் நகர வணிகர். அவர் கட்டிய வீடு, பிற்காலக் கட்டடங்கள் சேர்ந்து வளர்ந்த விடுதியின் பகுதியாக இன்றும் அருகிலேயே நிற்கிறது.

ஆலைக்கு ஆள் வேண்டும். அந்த ஆட்கள் வந்த வழி விசித்திரமானது. 1650 செப்டம்பர் 3-ல் நடந்த டன்பார் போரில் குரோம்வெல்லின் படை ஸ்காட்லாந்துப் படையை முறியடித்தது. பிடிபட்ட கைதிகளில் ஏறத்தாழ 3,000 பேர் இங்கிலாந்தின் டர்ஹாம் பேராலயத்தில் அடைக்கப்பட்டனர். பசியாலும் நோயாலும் அவர்களில் பாதிக்கு மேல் இறந்தனர். உயிர் பிழைத்தவர்களில் சுமார் 150 பேர் 'யூனிட்டி' என்னும் கப்பலில் நியூ இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு, குறிப்பிட்ட ஆண்டுகள் உழைக்கும் ஒப்பந்தத் தொழிலாளராக விற்கப்பட்டனர். ஒரு பகுதியினர் இரும்பு உலைகளுக்கும், வேறு சிலர் மரமறுவை ஆலைகளுக்கும் போனார்கள். ஆய்ஸ்டர் ஆற்றில் ஹில்லின் ஆலையில் உழைத்தவர்களில் இவர்களும் உண்டு. இறந்தவர்களின் எலும்புகள் 2013-ல் இங்கிலாந்தின் டர்ஹாமில், பேராலயத்தை ஒட்டி நடந்த கட்டுமானப் பணியின்போது கூட்டுப் புதைகுழியில் வெளிப்பட்டன. ஆய்ஸ்டர் ஆற்றுக் குடியிருப்பு 1732-ல் தனி ஊரானபோது அதற்கு இடப்பட்ட பெயரும் டர்ஹாம்தான். கைதிகளை எண்ணி வைத்த பெயரல்ல, தற்செயல்தான்.

1694 ஜூலையில் பிரெஞ்சு ஆதரவு பெற்ற அபெனாக்கிப் போராளிகள் தாக்கியதில் குடியிருப்பு பெருமளவு அழிந்தது. ஊர் மீண்டும் எழுந்தது, அருவியில் ஆலைகளும் தொடர்ந்தன. அமெரிக்க விடுதலைப் போரின் தளபதிகளில் ஒருவரும் பின்னர் நியூ ஹாம்ப்ஷயர் ஆட்சித் தலைவராக இருந்தவருமான ஜான் சல்லிவனின் வீடு அணைக்கு அருகில் ஆற்றங்கரையில் உள்ளது. 1774 டிசம்பரில் போர்ட்ஸ்மத் துறைமுகக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றிய வெடிமருந்தில் ஒரு பகுதி இந்த ஆற்றின் வழியாகவே டர்ஹாமுக்கு வந்தது.

உள்ளீடற்ற அணை

அருவியில் மரத்தாலும் கல்லாலும் ஆன பல அணைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போயின. 1913-ல் எழுந்தது ஆம்பர்சன் வகை அணை. நார்வேயில் பிறந்த பொறியாளர் நில்ஸ் ஆம்பர்சன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காப்புரிமை பெற்ற வடிவம் அது. வழக்கமான அணை தன் எடையாலேயே நீரைத் தடுத்து நிற்கும். ஆம்பர்சன் அணை உள்ளே வெற்றறைகள் கொண்டது. வரிசையாக நிறுத்திய முட்டுச்சுவர்கள் மேல், நீர்ப்பக்கம் சாய்ந்த வலுவூட்டிய கான்கிரீட் பலகைகள் கிடத்தப்படும். சாய்ந்த பலகையின்மேல் நிற்கும் நீரின் எடை அணையைக் கீழ்நோக்கி அழுத்துவதால், அணையைத் தள்ளும் நீரே அதை ஊன்றவும் செய்கிறது. கான்கிரீட் குறைவாகவும் தச்சுவேலையும் கம்பிவேலையும் அதிகமாகவும் தேவைப்படும் முறை இது. கூலி உயர்ந்த பிறகு வழக்கொழிந்தது. பொறியியல் வரலாற்றாளர்கள் இந்த அணையை மதிப்பதற்கு இதுவே காரணம். மாநில வரலாற்றிடப் பதிவேட்டிலும் அணை இடம்பெற்றது.

அதே வடிவம்தான் அதன் பலவீனமும். மெல்லிய பலகைக்குள் நீர் கசிந்து, கடுங்குளிரில் உறைந்து விரிந்தால் கான்கிரீட் உதிரும், உள்ளே கம்பி துருப்பிடிக்கும். நூறாண்டு நியூ இங்கிலாந்துக் குளிர்காலம் தன் வேலையைச் செய்தது. 50 ஆண்டுக்கு ஒருமுறை வரத்தக்க வெள்ளத்தைப் பாதுகாப்பாகக் கடத்த வேண்டும் என்னும் மாநில விதியையும் அணையால் நிறைவேற்ற முடியவில்லை. மாநில அணைப் பாதுகாப்புப் பிரிவு குறைகளைச் சுட்டி நகராட்சிக்கு எழுதியது. அதன்பின் அணையை அப்படியே விட்டுவைக்கும் வழி அடைபட்டது. பழுதுபார்க்க வேண்டும், அல்லது அகற்ற வேண்டும்.

குளமா, ஆறா

பேண விரும்பியவர்கள் முன்வைத்த வாதங்களில் ஆலை வரலாறு ஒன்று. ஆனால் அவர்களை உண்மையில் இயக்கியது குளம். ஊரின் நுழைவாயிலில் அன்னங்கள் நீந்தும் நீர்ப்பரப்பு, குளிர்காலத்தில் பனிச்சறுக்கு, கரையில் பூங்கா. மூன்றரை நூற்றாண்டாக ஏதோ ஒரு வடிவில் அங்கே தேங்கிய நீர் இருந்திருக்கிறது. 1913-ன் கான்கிரீட்டில் 1649 இல்லை என்று எதிர்த்தரப்பு சொன்னது சரிதான். ஆனால் கட்டுமானம் மாறினாலும் இடமும் பயனும் தொடர்ந்தன என்ற பதிலிலும் நியாயம் உண்டு. தேர் புதிதாகச் செய்யப்பட்டதாலேயே தேரோட்டம் புதிதாகிவிடுவதில்லை. அணையை உடைத்தால் குளத்தடியில் படிந்துள்ள வண்டலும் அதிலுள்ள சத்துகளும் கிரேட் பேயில் கலக்கும் என்ற அச்சத்தையும் அவர்கள் எழுப்பினர்.

அகற்ற விரும்பியவர்களிடம் இதைவிடப் பழைய வரலாறு ஒன்று இருந்தது. ஏல்வைஃப், புளூபேக் ஹெர்ரிங் என்னும் மீன்கள், மத்தி, உள்ளம் ஆகியவற்றின் உறவினங்கள், கடலில் வளர்ந்து முட்டையிட ஆறேறி வருபவை. 1649-க்கு முன் அவற்றின் வழியில் தடையில்லை. 1970-களில் அணையில் மீன் ஏணி அமைக்கப்பட்டது. 1990-களின் தொடக்கத்தில் ஒரே ஆண்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மீன்கள் ஏறின. பின்னர் அந்த எண்ணிக்கை சில ஆயிரங்களாகச் சரிந்தது. குளமோ வண்டல் ஏறி ஆழம் குறைந்து, கோடையில் வெப்பமேறி, நீரில் உயிர்வளி குன்றியது. ஏணியேறி வந்த மீன் அந்த நீரில் என்ன செய்யும் என்பதே அவர்களின் கேள்வி. குளத்தைக் காக்க அணையைப் பழுதுபார்த்தால் போதாது, தூரும் வார வேண்டும், அதுவும் ஒருமுறையோடு முடியாது.

பதிவேட்டில் இடம்பெற்ற அணையை எப்படி இடிக்கலாம் என்று பலர் கேட்டனர். மாநிலப் பதிவேடு மதிப்பைப் பறைசாற்றுமே தவிர, உரிமையாளரைக் கட்டுப்படுத்தாது. நடுவண் அரசின் அனுமதியோ நிதியோ தேவைப்படும் பணிகளுக்கு 1966-ன் தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டத்தின் 106-ஆம் பிரிவு பொருந்தும். அதுவும் இடிப்பைத் தடை செய்யும் சட்டமல்ல. வரலாற்று இழப்பைக் கணக்கிலெடுத்து, மாநிலப் பாதுகாப்பு அலுவலகத்துடனும் அக்கறை கொண்டோருடனும் கலந்து பேசக் கட்டாயப்படுத்துவது. பெரும்பாலும் கடைசியில் எஞ்சுவது அளவு வரைபடங்களும் புகைப்படங்களும் இடத்தில் நிறுத்தப்படும் விளக்கப் பலகையும்தான்.

2021 செப்டம்பரில் டர்ஹாம் நகரமன்றம் அகற்றுவதற்கு ஆதரவாக வாக்களித்தது. எதிர்த்தவர்கள் ஓயவில்லை. ஊர்ச் சாசனம் தரும் உரிமையின்படி கையெழுத்துத் திரட்டி, முடிவைப் பொதுவாக்கெடுப்புக்குக் கொண்டுவந்தனர். 2022 மார்ச் 8 அன்று நகரத் தேர்தலுடன் வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்களில் பெரும்பான்மையோர் நகரமன்றத்தின் முடிவையே ஏற்றனர்.