உப்புக் கணக்கு: கண்ணாடித் தொட்டியும் நொய்யலும்

போன வருஷம் திருப்பூரில் என் வாடகை வீட்டில் அறுபது லிட்டர் தொட்டியில் கடல்நீர் வளர்ப்பைத் தொடங்கினேன். கடைக்காரர்கள் இதைப் பவளப்பாறைத் தொட்டி என்கிறார்கள். பனியன் கம்பெனிச் சம்பளத்துக்கு இதெல்லாம் கட்டுபடியாகுமா என்பதுதான் அப்போது என் கேள்வி. மலிவு என்பதற்கே ஒரு வரலாறு உண்டு என்பது பிறகுதான் உறைத்தது.

மலிவுத் தொட்டிக்கு முன்னோடி ஒருவர் உண்டு. ஜகார்த்தாவின் லீ சின் எங் 1961இல் தன் ‘இயற்கை முறை’யை எழுதி வெளியிட்டார். வடிகட்டி யந்திரம் வேண்டாம். உயிருள்ள பாறைத்துண்டு, வெயில், காற்றுக்குமிழி போதும். மீனின் கழிவைப் பாறையிலுள்ள பாக்டீரியா செரித்துக்கொள்ளும். எளிமையான முறைதான். ஆனால் அவருக்குக் கடல் பக்கத்தில் இருந்தது. பாறையைப் பெயர்த்ததற்குக் கடல் ரசீது கொடுக்கவில்லை.

நமக்கு அருகிலுள்ள பவளம் மன்னார் வளைகுடாவில் இருக்கிறது. சுண்ணாம்புக்காக அதைப் பல பத்தாண்டுகள் வெட்டியெடுத்தோம். அங்குள்ள 21 தீவுகளில் இரண்டு கடலுக்குள் போய்விட்டன. 1986இல் அது கடல்சார் தேசியப் பூங்காவாயிற்று. 2001இல் பவளங்கள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தன. ஆகவே என் தொட்டியில் பவளம் கிடையாது. காய்ந்த சுண்ணாம்புக்கல்லை அடுக்கி, அதில் பாக்டீரியா பிடிக்க ஆறு வாரம் காத்திருந்து, பொரிப்பகத்தில் பிறந்த கோமாளி மீன் இரண்டை விட்டேன். செலவைக் குறைக்க நான் கண்ட நேர்மையான வழி பொறுமை மட்டுமே.

கடல்நீருக்கு லிட்டருக்கு 35 கிராம் உப்பு. அறுபது லிட்டருக்கு இரண்டு கிலோ நூறு கிராம். சமையல் உப்பு உதவாது. மக்னீசியம், கால்சியம் எல்லாம் சேர்ந்த கலவை உப்பு வேண்டும். இதை வாங்கப் போவதாக எங்கள் பழைய சாயப்பட்டறை மாஸ்டரிடம் சொன்னேன். “ஏந் தம்பி, காசு குடுத்தா உப்பு வாங்கற? நம்மூர்ல போர் போட்டாலே வருமே!” என்று சிரித்தார்.

சிரிப்பில் உண்மை இருந்தது. தண்ணீரில் பருத்தி நூலும் ரியாக்டிவ் சாயமும் ஒரே எதிர்மின்னேற்றம் கொண்டவை, ஒன்றையொன்று தள்ளும். அந்தத் தள்ளலை அடக்கத்தான் உப்பு. அடர்நிறத்துக்கு லிட்டருக்கு அறுபது, எண்பது கிராம்கூடப் போட்டிருக்கிறோம். அதாவது நாங்கள் கடலைவிட உப்பான தண்ணீரில் வேலை பார்த்தவர்கள். சாயத்தில் பெரும்பங்கு துணியில் நின்றுவிடும். உப்பு நிற்காது. அலசும் தண்ணீரோடு அத்தனையும் வெளியேறும்.

தொட்டி எனக்குச் சொன்ன முதல் பாடம், தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது என்பது. குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர்தான் ஊற்றவேண்டும். உப்புநீரை ஊற்றினால் மீன் சாகும். ஒரத்துப்பாளையத்தில் நடந்ததும் இதுதான். பாசனத்துக்கென 1992இல் நொய்யலில் கட்டிய அணை சாயக்கழிவின் தொட்டியாயிற்று. கிணறுகள் உப்பாயின. பாசனத்துக்காகக் கட்டிய அணையில் தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று விவசாயிகளே கேட்கும்படி ஆயிற்று. அவர்கள் தொடர்ந்த வழக்கு 2009இல் உச்ச நீதிமன்றம்வரை போனது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது.

அன்று கூலியில்லாமல் நின்றவர்களில் நானும் ஒருவன். தொழிலாளிக்கும் விவசாயிக்கும் சண்டை என்பதாகவே அது பேசப்பட்டது. மலிவாகச் சட்டை வாங்கியவர் எந்த வழக்கிலும் பிரதிவாதியாக இல்லை. விலைச்சீட்டில் ஏறாத உப்பு கிணற்றில் ஏறியது. லீ சின் எங்கின் பாறைக்கும் ஏற்றுமதிச் சட்டைக்கும் மலிவு ஒரே வழியாகத்தான் வந்தது.

நானும் வெளியே நிற்பவனல்ல. வாரம் ஆறு லிட்டர் பழைய நீரை மாற்றவேண்டும். அதில் 210 கிராம் உப்பு. சாக்கடையில் ஊற்றினால் நொய்யலுக்குத்தான் போகும். எனவே மொட்டைமாடியில் தட்டில் ஊற்றிக் காயவைக்கிறேன். கழிவை வெளியே விடாத இன்றைய சுத்திகரிப்பு நிலையங்களிலும் நீர் போய், பிரிக்கமுடியாத கலப்பு உப்பு மூட்டைகளாகத் தங்குகிறது. என் வீட்டில் இப்போது ஒரு சாக்கு சேர்ந்திருக்கிறது. அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாமல் மாடிப்படிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.